புதுப்பிப்பு: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாற்று நிறங்கள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை வீடியோ கேமில் வீரரை ஸ்டார்ட் பட்டனில் தேர்ந்தெடுத்தால் அவர் உடைக்கு எப்போதும் புதிய நிறம்தான் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன். 1991 முதல் பதிப்பில் மாற்று நிறமே இல்லை. இருவர் ஒரே வீரரை எடுக்கவும் முடியாது. சாம்பியன் எடிஷன் (1992) அதை அனுமதித்தது, அடையாளம் காண இரண்டாம் நிறமும் வந்தது. அடுத்த பதிப்பான ஹைப்பர் ஃபைட்டிங்கிலோ தலைகீழ்: வழக்கமான நிறம் புதிது, ஸ்டார்ட் தருவது பழைய அசல். வில்லன் எம். பைசனுக்கு மட்டும் அசலே வழக்கமான நிறம். சூப்பர் பதிப்பில் (1993) ஆளுக்கு எட்டு நிறம்: குத்து, உதைக்கான ஆறு பட்டனுக்கு ஆறு, ஸ்டார்ட்டுக்கு ஒன்று, எட்டாவதற்கு ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சொந்தமாக நிறம் மாற்றுவோருக்கு: ஒரு பேலட்டில் (வீரரை வரையும் நிறப் பட்டியல்) 16 இடம், ஒன்று ஒளிபுகுவது, மிச்சம் 15. தோலும் உடையும் பேலட்டில் ஒரே இடத்தைப் பகிர்ந்தால் இரண்டும் சேர்ந்தே மாறும். பலர் சிக்குவது இங்கேதான்.