பாட்டியோட ஜப்பான்காரன் காலத்துக் கதைய எப்படி ரெக்கார்ட் பண்றது?

பால்மரத்துப் பேத்தி:
வணக்கம். எங்க பாட்டிக்கு 93 வயசு. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் மலாயாவுக்குள்ள வந்தப்ப சின்னப் பிள்ளை. அவங்க அப்பாவ ரப்பர் தோட்டத்துல இருந்து, ஜப்பான்காரன் சயாம்ல (இப்ப தாய்லாந்து) இருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்ல. போன வாரம் போன எடுத்து வச்சுட்டு "போர்க் காலத்தப் பத்தி சொல்லுங்க பாட்டி"ன்னு கேட்டேன், "கஷ்டந்தான் ஆயா, என்னத்த சொல்ல"ன்னு ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. எப்படித்தான் கேக்கணும்?

லயத்துக்காரன்:
தங்கச்சி, போருன்னே கேக்காதீங்க. எங்க அப்பாயிகிட்ட அரிசி கிடைக்காதப்ப என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டுந்தான் கேட்டேன், மரவள்ளிக்கிழங்க துருவி காயவச்சு மாவாக்குனது, சாக்குல தச்ச பாவாடை, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு கடைசில அடுப்பெரிக்கத்தான் ஆச்சுன்னு பேசிக்கிட்டே போனாங்க, அதுக்கு நடுவுல தானா வந்துச்சு லாரில ஆளுங்கள ஏத்துனது. அவங்க பேச்ச நிறுத்துனா நீங்களும் சும்மா இருங்க, உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீங்க. வருஷம் தப்பா சொன்னா விட்டுடுங்க, அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபர்ல முடிஞ்சதுன்னு நாம எங்க வேணா படிச்சுக்கலாம். ஆனா பேருங்கள விட்டுடாதீங்க. அந்தப் பாதை போற தாய்லாந்து ஊரான காஞ்சனாபுரியில, கைதிங்களா செத்த வெள்ளைக்கார சிப்பாய்ங்களுக்கு பேர் பொறிச்ச கல்லறை வரிசை வரிசையா இருக்கு, தோட்டத்துல இருந்து போய் ஆயிரக்கணக்குல செத்த நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அப்பா பேரு, தோட்டம், கூடப் போனவங்க யாரு, இதக் கண்டிப்பா வாங்கிடுங்க.

மண்டபத்து அக்கா:
நாங்க ஒரே தோட்டத்துல இருந்த ஏழு பெரியவங்கள கோயில் மண்டபத்துல உக்கார வச்சோம். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த ஜப்பான் பாட்ட ஒரு தாத்தா ஆரம்பிச்சாரு, மத்தவங்களும் சேந்து பாடுனாங்க, 80 வருஷம் கழிச்சு! தனியா கேட்டப்ப இது வரவே இல்ல. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனதுல ரெக்கார்டிங்ல பாதி புரியல, அதனால அப்புறம் வீடு வீடாப் போய் திரும்ப எடுத்தோம். இன்னொண்ணு, வாந்திபேதி பேச்சு வந்ததும் ஒரு பாட்டி எழுந்து போயிட்டாங்க, அன்னிக்கு ராத்திரி தூங்கலையாம். அதுல இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல போறதில்ல, முடிச்சதும் கொஞ்ச நேரம் கூடவே இருந்துட்டுத்தான் கிளம்புவோம்.

நாடாக்காரன்:
ஃபேன ஆஃப் பண்ணுங்க, போன ஏரோபிளேன் மோடுல போடுங்க. முதல்ல தேதி, ஊரு, பேரு சொல்லி, இத யார் யார் கேக்கலாம்னு அவங்க வாயாலயே சொல்ல வைங்க. எழுதுறப்ப பேச்சுத் தமிழாவே எழுதுங்க, நடுவுல வர்ற மலாய் வார்த்தைய மாத்தாதீங்க. ரெண்டு இடத்துல காப்பி வைங்க. சிங்கப்பூர்ல 1979லயே அரசாங்கம் வாய்மொழி வரலாறு எடுக்க ஆரம்பிச்சாங்க, அங்க ஆவணக் காப்பகத்துல உள்ள பேட்டிங்கள்ல நிறைய ஆன்லைன்லயே இருக்கு, கேள்வி கேக்குற விதத்துக்காகவே கேட்டுப் பாருங்க.

பால்மரத்துப் பேத்தி:
நேத்து கிழங்குல ஆரம்பிச்சேன், 40 நிமிஷம் பேசுனாங்க. அவங்க அப்பாகூட அந்த லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) இருந்து நாலு பேர் போனாங்களாம். மூணு பேரு சொல்லிட்டாங்க, நாலாவது ஆளோட பேரு நாக்கு நுனில நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே தூங்கப் போனாங்க. இன்னிக்கு சாயங்காலம் திரும்ப உக்காறோம்.