வீட்டில் துப்பாக்கி வாங்க நினைப்பவர்களுக்கு: கைதவறி வெடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? (அமெரிக்கா)

கேள்வி: அமெரிக்காவுக்குக் குடிவந்தவர்கள் நாங்கள். க்ரீன் கார்டு வந்ததும் பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். மாமனார், மாமியாரும் ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். பெட்டியில் போட்டுப் பூட்டினால் போதுமா? கைதவறி வெடித்தது என்று செய்தியில் வருகிறதே, அது எப்படி நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, க்ரீன் கார்டு வரும்வரை பொறுப்பது மிகச் சரி. எச்-1பி, எச்-4, எஃப்-1 மாதிரியான தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதோடு விசாவும் போகும் நிலை வரலாம். ஒரே வீட்டில் ஒருவருக்கு அனுமதி இருந்து இன்னொருவருக்குத் தடை இருந்தால், தடை உள்ளவர் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதே வழக்காகலாம். வக்கீலிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல நிலையில் இருக்கிற இன்றைய துப்பாக்கி, டிரிகரை அழுத்தாமல் வெடிப்பது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: உள்ளே தோட்டா இல்லை என்று மனதார நம்பிக்கொண்டு ஒருவர் டிரிகரை இழுக்கிறார். அந்த நம்பிக்கை எங்கே பிசகுகிறது என்று பாருங்கள்.

இப்போது அதிகம் விற்பது மேகசின் போடும் செமி ஆட்டோமேட்டிக். இதில் தோட்டா இரண்டு இடத்தில் இருக்கும். கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் வரிசையாக அடுக்கியவை, குழலின் பின்முனையில் சேம்பர் என்கிற அறையில் தனியாக ஒன்று. மேகசினை உருவினாலும் சேம்பரில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் சுடாத மாடல்கள் சில உண்டு, ஆனால் பெரும்பாலானவை சுடும்.

இதைவிட மோசமானது வரிசையை மாற்றிச் செய்வது. முதலில் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுக்கிறார்கள். சேம்பரில் இருந்த தோட்டா தெறித்துக் கீழே விழுகிறது. எடுத்தாயிற்று என்று மனம் நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் ஸ்லைடு முன்னே பாயும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டது. அதற்குப் பிறகுதான் மேகசினை உருவுகிறார்கள். தரையில் ஒரு தோட்டா, கையில் மேகசின், துப்பாக்கியோ லோடாகித்தான் இருக்கிறது. "செக் பண்ணிட்டுத்தான் இழுத்தேன்" என்று பிறகு சொல்பவர்களில் நிறையப் பேர் செய்தது இதுதான்.

ஆகவே வரிசையை மனப்பாடமாக்குங்கள். குழல்வாய் ஆபத்தில்லாத பக்கம், விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே. முதலில் மேகசினை உருவி எட்ட வையுங்கள். அடுத்து ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுத்து விடுங்கள், இரண்டு மூன்று முறை. பிறகு இழுத்த நிலையில் ஸ்லைடைப் பூட்டி நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். மேகசின் இருந்த பொந்தையும் அப்படியே. ஒரு கணம் வேறெங்காவது பார்த்துவிட்டு, திரும்ப ஒரு முறை பாருங்கள். தடவிப் பார்ப்பது வெறும் சடங்கு இல்லை. தோட்டாவைக் கவ்வி வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால், எத்தனை முறை ஸ்லைடை இழுத்தாலும் தோட்டா சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எதுவும் வெளியே விழவில்லை, அப்படியானால் காலி என்று முடிவு கட்டக்கூடாது.

இன்னொன்று. தோட்டா தரையில் விழாமல் பிடிக்கலாமென்று ஸ்லைடின் திறப்பைக் கையால் மூடிக்கொண்டு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டா வெளியேற வழியில்லாமல் திரும்பி, அதன் பின்புறமுள்ள, அடிபட்டால் பற்றிக்கொள்ளும் பிரைமர் உள்ளே இருக்கும் உலோக முனையில் மோதினால் உள்ளங்கையிலேயே வெடிக்கும். விழட்டும், பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளைப் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் லோடாகி இருக்கிறது என்றே நடத்து. அழிக்கத் தயாரில்லாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடியும்வரை விரலை டிரிகரில் வைக்காதே. குறியும் குறிக்குப் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்துகொள். ஒன்றை மீறினாலும் மற்றவை ஆளைக் காப்பாற்றும்படி இவை ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. இரண்டை ஒரே நேரத்தில் மீறும்போதுதான் உயிர் போகிறது.

கேள்வி: ஆபத்தில்லாத பக்கம் என்றால் வீட்டுக்குள் எது அண்ணா? நாங்கள் அபார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம்.

பதில்: அபார்ட்மென்டில் அப்படி ஒரு பக்கம் இயல்பாகக் கிடையாது. இங்கே உள்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் இருபக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தவை. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். கூரைப் பக்கம் மேல்வீடு, தரைப் பக்கம் கீழ்வீடு. சிமென்ட் தரையென்றால் தெறித்துத் திரும்பும். சிறியது என்று நினைக்கிற .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் தூரம் போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள்.

செய்யக்கூடியது இதுதான்: ஐந்து காலன் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் காய்ந்த மணலை விளிம்புவரை நிரப்பி அலமாரி மூலையில் வையுங்கள். லோடு செய்வது, இறக்குவது எல்லாமே குழல்வாயை மணலுக்கு நேராக, செங்குத்தாகக் கீழ்நோக்கி வைத்துத்தான். ஒரே அறை, ஒரே மூலை. ஆட்கள் யாரும் பக்கத்தில் வேண்டாம்.

துடைத்துச் சுத்தம் செய்வதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். க்ளாக் மாதிரியான சில கைத்துப்பாக்கிகளில் ஸ்லைடைக் கழற்றுவதற்கு முன்னால் டிரிகரை ஒரு முறை இழுத்தே ஆகவேண்டும், அதன் அமைப்பு அப்படி. சேம்பர் காலி என்று சரிபார்க்காமல் அந்த இழுப்பைச் செய்து உள்ளங்கையிலும் தொடையிலும் சுட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிற விபத்து. சுத்தம் செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. தோட்டாப் பெட்டி அடுத்த அறையில் இருக்கட்டும். குண்டில்லாமல் டிரிகர் பழகுபவர்களுக்கும் இதே விதி. பழகி முடித்து, திரும்ப லோடு செய்து, "இன்னும் ஒரு தடவை" என்று கை தானாகப் போகும். அந்த ஒரு தடவையில்தான் டிவியும் சுவரும் ஓட்டையாகின்றன. முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அதைத் திரும்பத் தொடாதீர்கள்.

மற்றொருவர்: ரிவால்வர் பற்றியும் இரண்டு வரி. தோட்டாக்கள் இருக்கும் சுழலும் சிலிண்டரை வெளியே தள்ளி, குழல்வாயை மேலே நிமிர்த்தி, எஜெக்டர் கம்பியை ஒரே அழுத்தாக அழுத்தினால் தோட்டாக்கள் கொட்டும். எண்ணிப் பாருங்கள். ஆறு துளை என்றால் ஆறும் காலியாகத் தெரிய வேண்டும். பழைய கௌபாய் பாணி சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் கையில் வந்தால் கூடுதல் கவனம் தேவை. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமருக்கும் தோட்டாவுக்கும் இடையே தடுப்புப் பட்டை இல்லாத பழைய வகைகளில், கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டாலே வெடிக்கும். ரூகர் நிறுவனம் 1973 முதல் தன் மாடல்களில் அந்தத் தடுப்பைச் சேர்த்தது. அதற்கு முந்தையதை ஹேமருக்கு நேரே உள்ள துளையைக் காலியாக விட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

குழலுக்குக் கீழே நீளக் குழாயில் தோட்டா அடுக்கும் ரைஃபிள், ஷாட்கன்களில் ஸ்பிரிங் சிக்கி ஒரு தோட்டா குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். தோட்டாவைத் தள்ளும் மூடி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்காமல் காலி என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: சேஃப்டி போட்டிருந்தால் பயமில்லை அல்லவா? கீழே விழுந்தால்?

பதில்: பல கைத்துப்பாக்கிகளில் வெளியே தள்ளிவிடுகிற சேஃப்டியே கிடையாது. இருந்தாலும் அது தேயக்கூடிய ஓர் இயந்திரப் பாகம். குழல்வாயையும் விரலையும் கவனிக்கிற வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

கீழே விழுகிறதா, விழ விடுங்கள். பாய்ந்து பிடிக்கப் போகாதீர்கள். பிடிக்கிற விரல் நேராக டிரிகர் வளையத்துக்குள்தான் போய் மாட்டும். இன்றைய துப்பாக்கிகளில் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னை முன்னே போகவிடாமல் தடுக்கும் அமைப்பு பெரும்பாலும் உண்டு. விழுந்து வெடிப்பதைவிட பிடிக்கப் போய் வெடிப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கால் தடுக்கினாலோ, திடுக்கிட்டாலோ, மறு கையால் எதையாவது இறுக்கிப் பிடித்தாலோ, துப்பாக்கி பிடித்த கையும் தன்னையறியாமல் இறுகும். விரல் அந்நேரம் டிரிகரில் இருந்தால் நீங்கள் நினைக்காமலேயே சுட்டுவிடுவீர்கள். விரலை எப்போதும் ஃப்ரேமின் பக்கவாட்டில் நீட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி செருகும் உறை, டிரிகர் வளையத்தை முழுதாக மூடுகிற கெட்டியான வகையாக இருக்க வேண்டும். தளர்ந்துபோன தோல் உறை உள்பக்கம் மடிந்து டிரிகரை அழுத்தும். சட்டை நுனி, ஜாக்கெட்டின் நாடா இவையும் அப்படியே மாட்டும். திரும்பச் செருகும்போது மெதுவாக, கண்ணால் பார்த்துக்கொண்டு செருகுங்கள். கைப்பையில் சாவி, பேனாவோடு சேர்த்துப் போடவே கூடாது.

அக்கா ஒருவரின் பதில்: பூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன், தங்கச்சி கேட்ட முதல் கேள்வியே அதுதானே.

ஒளித்து வைப்பது பூட்டியதாகாது. மெத்தைக்கு அடியில், புடவை அடுக்குக்குப் பின்னால், அலமாரி உச்சியில் என்று நாம் நினைக்கிற இடமெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விரல் பலம் போதாது என்றும் எண்ணாதீர்கள். சிறு பிள்ளைகள் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து டிரிகரை அழுத்துவார்கள், அப்படிப் பிடிக்கும்போது குழல்வாய் அவர்கள் முகத்தைப் பார்த்தே இருக்கும்.

குழந்தை உள்ள வீட்டில் துப்பாக்கியே இல்லாமலிருப்பதுதான் மிகப் பாதுகாப்பு என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. வைத்தே தீரவேண்டும் என்றால் தோட்டா இல்லாமல், பூட்டி, தோட்டாவைத் தனியே இன்னொரு பூட்டில். என் கருத்தும் இதுதான். ராத்திரி உடனே எடுக்க வேண்டுமே என்பார் வீட்டுக்காரர். அதற்கென்று கட்டிலோடோ தரையோடோ போல்ட் போட்ட, சட்டெனத் திறக்கும் எண்பூட்டுப் பெட்டி கிடைக்கிறது. கட்டில் பக்கத்து டிராயர் மட்டும் கூடவே கூடாது.

பெட்டியை வாங்கியதும் தொழிற்சாலை எண்ணை மாற்றுங்கள். பிறந்தநாள் வேண்டாம். பிள்ளை முன்னால் எண்ணை அழுத்தாதீர்கள். மாற்றுச் சாவியை அதே அறையில் விடாதீர்கள். பேட்டரியை வருடம் ஒரு முறை மாற்றிவிடுங்கள். மலிவான பெட்டிகளில் சிலது மேலே ஓங்கித் தட்டினாலே திறந்துகொள்ளும், வாங்கியவுடன் நீங்களே தட்டிப் பாருங்கள். கைரேகைப் பெட்டி என்றால் உங்கள் ரேகையைப் பதிந்த பிறகு வீட்டில் மற்றவர் விரலை வைத்துச் சோதியுங்கள். ரேகை பதிந்துவிட்டதாக உரிமையாளர் நினைத்திருக்க, பெட்டி யார் விரலுக்கும் திறந்ததால் 2023-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் திரும்பப் பெற அறிவிப்புக் கொடுத்தது.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கும்போது பூட்டும் கூடவே தரவேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் கேபிள் பூட்டு வரும். ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தில் காவல்நிலையங்கள் வழியாக இலவசமாகவும் கொடுக்கிறார்கள். அதை டிரிகர் வளையத்தில் சுற்றிவிட்டுப் பூட்டியாயிற்று என்று இருக்காதீர்கள். ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, மேல் திறப்பு வழியே கேபிளை விட்டு, மேகசின் பொந்து வழியாகக் கீழே எடுத்துப் பூட்ட வேண்டும். ஸ்லைடு மூட முடியாமல் கேபிளில் இடித்து நின்றால்தான் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். டிரிகர்மேல் கவ்வுகிற பூட்டை லோடான துப்பாக்கியில் ஒருபோதும் மாட்டக்கூடாது, மாட்டும்போதே அழுத்திவிடும்.

சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாசசூசெட்ஸில் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத துப்பாக்கியைப் பூட்டாமல் விடுவதே குற்றம். மிச்சிகனில் 2024 பிப்ரவரி முதல், பிள்ளைகள் வந்துபோகக்கூடிய இடத்தில் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம்.

மாமனார் மாமியார் வந்திறங்கிய அன்றே இது என்ன, எங்கே இருக்கிறது, தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். பொம்மை என்று எடுத்துப் பார்க்கிறவர்கள் பிள்ளைகள் மட்டுமில்லை. பையனுக்குச் சொல்ல வேண்டியது: கண்டால் நில், தொடாதே, அங்கிருந்து ஓடு, பெரியவரிடம் சொல். ஆனால் இதைச் சொல்லிக்கொடுத்ததால் பூட்டாமல் விடலாம் என்றில்லை. ஆர்வம் வந்தால் பிள்ளை எல்லாம் மறந்துவிடும்.

துப்பாக்கி வாங்கவே போவதில்லை என்கிறவர்களும் இதைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை விளையாடப் போகிற வீட்டில் இருக்கலாம். "எங்கள் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது" என்று சொல்கிற அதே மூச்சில் "உங்கள் வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்கவேண்டிய கேள்விதான், பெரும்பாலோர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டால் விளையாட்டை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, மனம் திறந்து சொல்கிறேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வேலை போனது, விசா சிக்கல், பிரிவு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று வீட்டில் யார் தளர்ந்திருந்தாலும் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வீட்டைவிட்டு வெளியே வையுங்கள். சில கடைகளும் காவல்நிலையங்களும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988, 2022 ஜூலையிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிறது.

கேள்வி: எல்லாம் மீறி வெடித்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: விரலை எடுத்து, குழல்வாயைத் திருப்பாமல் கீழே வையுங்கள். காது அடைத்துப்போகும், சத்தம் 140 டெசிபலுக்கு மேல் இருக்கும், யாராவது கத்தினாலும் கேட்காது. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம், மேல்வீடு, கீழ்வீடு எல்லாம் நேரில் போய்ப் பாருங்கள். யாருக்காவது பட்டிருந்தால் 911. கை, காலில் ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகே (ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள், அவிழ்க்காதீர்கள். இடுப்பு பெல்ட் அந்த இறுக்கத்தைத் தராது, உண்மையான டூர்னிகே ஒன்றை முதலுதவிப் பெட்டியில் வாங்கி வையுங்கள். அக்குள், தொடை மடிப்பு மாதிரி கட்ட முடியாத இடமென்றால் சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். 'ஸ்டாப் த ப்ளீட்' வகுப்பில் இதைக் கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறார்கள்.

மற்றொருவர்: ஒரு சேர்க்கை. சுடும் பயிற்சிக்கு எடுத்துப்போகிற பையை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகாதீர்கள். பக்கப் பையில் மறந்த ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலையத்தில் கிடைத்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவார்கள். பயிற்சிக்கென்று தனிப்பை வையுங்கள், அதுவும் துப்பாக்கியோடு சேர்த்துப் பூட்டிலேயே இருக்கட்டும்.