விளக்குத்தூண் முதல் மகால் வரை: ஒலிநடையில் எவ்வளவு பேசலாம்?

மாசிவீதி:
வணக்கம். மதுரையில் விளக்குத்தூணில் தொடங்கி, நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய தூண்கள் நிற்கும் பத்துத் தூண் வழியாகத் திருமலை நாயக்கர் மகாலில் முடியும் ஒலிநடை (நடந்துகொண்டே ஹெட்போனில் கேட்கும் ஒலிப்பதிவு) ஒன்றைத் தயாரித்து வருகிறேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைபேசிக்கு அனுமதி இல்லை என்பதால் வீதிகளையே எடுத்துக்கொண்டேன். நாயக்கர் ஆட்சியாண்டுகள், மதுரைக்காஞ்சி வருணிக்கும் நாளங்காடி (பகல் சந்தை), அல்லங்காடி (இரவுச் சந்தை) என எல்லாவற்றையும் சேர்த்து நாற்பது நிமிடம் இடைவிடாமல் பேசியிருக்கிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்த என் அக்கா, "வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது, தெருவைப் பார்க்கவே இல்லை" என்றார். எதை வைப்பது, எதை விடுவது?

ஒலிப்பதிவர்:
கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, அங்கே இல்லாமற்போனதைச் சொல்லுங்கள். விளக்குத்தூண், 1840களில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்தது. வெளி வீதிகளும், அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் பெயர் தாங்கிய மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அதன்பின் உருவானவை. இதை நான்கு வாக்கியங்களில் சொல்லி, கூடை கூடையாக மண் கொட்டும் ஓசையை அரை நிமிடம் ஒலிக்கவிட்டு, பிறகு பேசாமல் இருங்கள்.

இரண்டு காதருகிலும் சிறு மைக்குகளைப் பொருத்திப் பதிவு செய்தால், பின்னால் ஒலிக்கும் சைக்கிள் மணிக்குக் கேட்பவர் திரும்பிப் பார்ப்பார். கனடாவின் ஜேனட் கார்டிஃப் 1991 முதல் தம் ஒலிநடைகளில் கையாண்ட முறை இது. ஆனால் சாலையைக் கடக்கும் இடத்தில் இதே உத்தி ஆபத்தாகிவிடும் என்பதால், அங்கே வண்டிச் சத்தம் எதையும் சேர்க்காமல், ஒரு காதைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். குறுகிய சந்துகளில் ஜிபிஎஸ் அடுத்த தெருவைக் காட்டக்கூடும். "தூண்கள் தெரிந்ததும் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்வதே நம்பகமானது.

தறிவீடு:
மகாலைச் சுற்றிய தெருக்களில் பல தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிர நெசவாளர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மகாலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அரசரோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம் தரும். எங்கள் பாட்டிமார் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியைத் தமிழ் விளக்கத்துக்கு முன்பு பத்து நொடியாவது அப்படியே கேட்கவிடுங்கள். குழியில் கால் வைத்து நெய்யும் குழித்தறியில், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஓடும் ஓசையையும், நூலை அடித்து நெருக்கும் ஓசையையும் இப்போதே பதிவு செய்யுங்கள். என் சிறுவயதில் தெரு முழுக்கக் கேட்ட அந்த ஓசையை இன்று தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. குரல் கொடுப்பவர்களிடம் முதலில் சம்மதம் கேட்டு, முடித்த பதிவை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மாசிவீதி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்துத் தூண் பகுதியில் ஆறு நிமிடப் பேச்சை ஒன்றரை நிமிடமாகக் குறைத்து, இன்று காலை அக்காவை மறுபடி அழைத்துச் சென்றேன். ஜவுளிக் கடைகள் திறக்கும் நேரம். குரல் நின்றதும் அவர் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்து, ஷட்டர் தூக்கும் சத்தங்களைக் கேட்டபடி நின்றார். தறிவீடு அவர்களே, வரும் ஞாயிறன்று தங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சந்திக்க வரலாமா?

தறிவீடு:
அவசியம் வாருங்கள். பாட்டி காலை பத்து மணிக்குமேல் ஓய்வாக இருப்பார்.