அறிவுத் தணிக்கையா, அறிவோம்பலா?

திருநெல்வேலி, யாழ்ப்பாணம், திங்கள்

அன்புடையீர்,
வெள்ளிக்கிழமை கூட்டுறவுச் சங்க முகாமையாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கைந்நூல் புதன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு நிறுவனம் தன் ஊழியரிடமும் கோப்புகளிலும் உள்ள அறிவை எப்படித் திரட்டுகிறது, பேணுகிறது, அடுத்தவரிடம் சேர்க்கிறது என்று சோதித்துப் பார்க்கும் முறைக்குச் சொல் தேடுகிறேன். தமிழகத்து நண்பர் 'அறிவுத் தணிக்கை' என்கிறார். எடுத்தாளலாமா?

நல்லூர்

தங்கச்சி, அது மட்டும் வேண்டாம். அங்கே தணிக்கையாளர் கணக்குப் பார்ப்பவர். இங்கே தணிக்கை என்றால் போர்க்கால நாளிதழில் வெறுமையாக வந்த பத்திதான் என் கண்முன் நிற்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீக்குப் பறிகொடுத்த ஊர் இது. அறிவுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. இலங்கையில் அரச கணக்குகளைப் பார்ப்பவர் கணக்காய்வாளர் நாயகம். 'அறிவுக் கணக்காய்வு' என்றே எழுதுங்கள்.

கொக்குவில்

பாடசாலையில் வழங்கும் 'கணிப்பீடு' ஆகாதா? அறிவுக் கணிப்பீடு.

திருநெல்வேலி

பிள்ளையின் நுண்ணறிவை அளக்கும் பரீட்சை என்று நினைத்துவிடுவார்கள், அக்கா.

மானிப்பாய்

எண்ணக்கூடியதற்கே கணக்கு. அறிவை எண்ண முடியுமா? 'அறிவாய்வு' என்றால் புணர்ச்சி (அறிவு + ஆய்வு) சரி. முற்றியலுகரமும் (இங்கே 'வு'வின் உகரம்) சில இடங்களில் மெய்யை விட்டு ஓடும் என்கிறது நன்னூல். ஆனால் மெய்யியலார் தங்கள் துறையென்று உரிமை கேட்பார்கள். மேலாண்மைக்கு இங்கே வழங்கும் 'முகாமைத்துவம்' என் காதில் நெடுநாளாக உறுத்துகிறது: 'மை' ஈறே பண்பை உணர்த்திவிட்டது, அதன்மேல் 'துவம்' எதற்கு? மேலாண்மை தேவலை. அதன் உடன்பிறப்பான வேளாண்மை குறளில் உழவன்று, உதவி: 'இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு.' அந்தக் குறளிலேயே நமக்கு வேண்டியதும் இருக்கிறது. ஓம்புதல் என்றால் காத்தல், வளர்த்தல், பேணுதல். 'அறிவோம்பல் மதிப்பீடு' என்று வையுங்கள். அமெரிக்க மிஷனின் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் இதே மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். நமக்கு ஒரு சொல்லுக்கா பஞ்சம்?

சாவகச்சேரி

ஐயா, இனிய சொல். ஆனால் எங்கள் சங்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். களஞ்சியப் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற அன்று சாவிக்கொத்தையும் பேரேட்டையும் முறையாக ஒப்படைத்தார். எந்த ஊர் வெங்காயம் எத்தனை நாள் தாங்கும் என்பது மட்டும் ஓர் அப்பியாசக் கொப்பியில் அவருக்கே விளங்கும் குறிகளாக இருந்தது: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு வட்டம். வட்டத்தின் பொருளை எவரும் கேட்டு வைக்கவில்லை. அந்த மாரியில் பாதி வெங்காயம் அழுகியது. பேரேட்டைப் பார்த்த கணக்காய்வாளர் குறையேதும் காணவில்லை. அந்த வட்டத்தைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலை என்றால், முகாமையாளருக்குக் கேட்டதும் உறைக்கும் சொல் வேண்டும். உள்ளகக் கணக்காய்வு அவர்களுக்குப் பழகியது. என் வாக்கு அதற்கே.

மானிப்பாய்

தம்பி, கணக்காய்வு தவறவிட்ட வட்டத்துக்குக் கணக்காய்வு என்றே பெயரிடுவதா? வட்டத்தை ஓம்பியிருந்தால் வெங்காயம் தப்பியிருக்கும்.

திருநெல்வேலி, புதன் மதியம்

குழுவில் ஐவர் கணக்காய்வுக்கு, இருவர் ஓம்பலுக்கு. அச்சகம் இருமுறை அழைத்துவிட்டது. தலைப்பில் 'அறிவுக் கணக்காய்வு' போகிறது. களஞ்சியக் கதையை, ஊர் குறிப்பிடாமல், முதற்பக்கத்தில் சேர்க்கிறேன். ஐயாவின் சொல் அடைப்புக்குறிக்குள் ஒருமுறை வரும்.

மானிப்பாய்

அடைப்புக்குறி வேண்டாம், பிள்ளை. என் வகுப்பில் அறிவோம்பல் என்றே சொல்லிக் கொடுக்கிறேன். தலைப்பில் 'க்' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.