பதில்: பதில்: ஆர்ச் நிதி மிச்சமும் அந்தப் புள்ள கேட்ட பாதையும்

குழுவுல இருக்குற பெரியவங்க, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ப் புள்ள ஒண்ணு சுடுகாட்டுப் பாதைக்காக, வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரங்க சங்கத்துக்கு எழுதுன மெயிலப் பத்தி மூணு வாரமா நீங்கள்லாம் எழுதுறத படிச்சுகிட்டேதான் இருக்கேன். நைட் ஷிப்ட் முடிச்சு ரூமுக்கு வந்து இதப் படிச்சா தூக்கமே போயிடுது, அதான் இன்னைக்கு நானும் எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். ஏதும் தப்பா பட்டா சின்னவன்னு விட்டுடுங்க.

துபாய் மாமா, "படிக்கிற புள்ளைக்கு பாதை எதுக்கு, பரிட்சைய பாக்கச் சொல்லு"ன்னு எழுதியிருந்தீங்க. நியூஜெர்சி அண்ணன் சங்கத்துக்குள்ள அரசியல் வேணாம்னுட்டீங்க. இன்னொருத்தர், பேர் வேணாம், "வருஷா வருஷம் நோட்டுப் புக்கு குடுக்குறோமே, இதுங்களுக்கு இன்னும் என்ன வேணுமாம்"னு போட்டிருந்தீங்க. அந்த "இதுங்களுக்கு" சுருக்குன்னு இருந்துச்சு. அந்தப் புள்ளையும் நம்மகிட்ட நோட்டுப் புக்கு வாங்குன புள்ளதான், நம்ம சங்க வாட்ஸப் குரூப்போட படத்துலயே ரெட்டை சடையோட நிக்குது, போய்ப் பாருங்க.

தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். காலனில... காலனின்னு சொல்லக்கூடாதுன்னு அந்தப் புள்ள என்னைத் திருத்துச்சு, 2025 ஏப்ரல்ல அரசாங்கமே ஆவணத்துலேருந்து அந்த வார்த்தைய எடுக்குறோம்னு சட்டசபையில சொல்லியாச்சாம், நமக்குத்தான் வாயில வருது. அம்பேத்கர் நகர் புள்ள. அரசு கலைக்கல்லூரில ரெண்டாம் வருஷம், அவங்க குடும்பத்துல முதல் பட்டதாரி ஆகப்போகுது. காலேஜ் நாட்டு நலப்பணித் திட்டம், அதான் என்.எஸ்.எஸ்.ல இருக்கு. நாங்க படிச்சப்ப என்.எஸ்.எஸ். கேம்ப்னா ஏழு நாள் ஏதாவது ஊர்ல போய் கோயில் பிரகாரத்துல புல்லு புடுங்கிட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டு வர்றதுதான். இது கேம்ப் போன ஊர்ல நூறு நாள் வேலை அட்டை கிடைக்காத கிழவிங்களுக்கு மனு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கு. அங்க ஒரு பாட்டி "எங்களுக்கு எழுதுறியே கண்ணு, உங்க ஊர்ல எல்லாம் சரியா இருக்கா"ன்னு கேட்டுச்சாம்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில லீவுல ஊருக்கு வந்திருந்தேன். நம்ம சங்கத்து நிதியில ஊர் முகப்பு ஆர்ச் வேலை நடக்குது, சென்ட்ரிங் அடிச்சு நிக்குது, நான் போட்டோ எடுத்து நம்ம குழுவுக்கு அனுப்பணும்னு அங்க நின்னுட்டிருக்கேன். மழை விட்டு விட்டுத் தூறுது. அப்பதான் தப்பு, அதான் பறைச் சத்தம் கேட்டுச்சு, திடீர்னு நின்னும் போச்சு. என்னடான்னு திரும்பிப் பாத்தா பாடை வயலுக்குள்ள இறங்குது.

வரப்பு ஒரு அடி, பாடை நாலடி. நாலு பேர் தூக்குனா நாலு பேரும் வரப்பு மேல நடக்க முடியாது, அதனால ரெண்டு பக்கமும் சம்பாப் பயிருக்குள்ள முழங்கால் சேத்துல இறங்கித்தான் போறாங்க. ஒரு காலைப் புடுங்கினா இன்னொரு கால் போகுது, பாடை ஒரு பக்கமா சாயுது, பின்னாடி வர்ற பையன் தோள் குடுத்து நிமித்துறான். வாய்க்கால் வந்ததும் தப்படிக்கிறவங்க தப்பைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டாங்க, நனைஞ்சா தோல் தொய்ஞ்சுடும்ல, அதான் சத்தம் நின்னுருக்கு. இடுப்புத் தண்ணி. எல்லாத்துக்கும் பின்னாடி கொள்ளிச்சட்டியில மழை விழாம ஒரு ஆள் துண்டைப் புடிச்சுகிட்டே போறார். அக்கரையில வரப்புல எங்க பெரியப்பா நின்னு "பயிர மிதிக்காம போங்கடா"ன்னு சத்தம் போட்டுட்டிருந்தார்.

பாடையில போனது அந்தப் புள்ளையோட அப்பாயி. எங்க வயல்ல நாப்பது வருஷம் நாத்து நட்ட கிழவி, எனக்கு நல்லாத் தெரியும், அறுப்பு சமயத்துல எனக்கு நண்டு புடிச்சுத் தரும். நான் ஆர்ச்சு கிட்டேயே நின்னுட்டேன். போகல.

வேலை பாக்குற யார்டுல ஒரு நடைபாதைய மறிச்சு நாலு பைப்பு கிடந்தாலே வேலையை நிறுத்தச் சொல்ற ஆள் நான், சேஃப்டிதான் எனக்குச் சம்பளம். ஊர்ல பொறந்து வளந்து இத்தனை வருஷமா அந்த ஜனங்க எந்த வழியா சுடுகாடு போகுதுன்னு ஒரு நாள் யோசிச்சதில்ல.

அந்தப் புள்ள அழுதுட்டு விடல. ஜனவரி 26 கிராமசபையில எந்திரிச்சுக் கேட்டுச்சு. ஊராட்சி செயலர் தீர்மானப் புக்குல தெருவிளக்கை எழுதுனார், பாதைய எழுதல. அடுத்து மார்ச் மாச கிராமசபையிலயும் கேட்டுச்சு (இப்பல்லாம் வருஷத்துக்கு ஆறு, நம்ம காலத்துல நாலுதான்). அதுக்கப்புறம் பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு. முப்பது நாள்ல பதில் தரணும், வரல. மேல்முறையீடு போட்டதும் வந்துச்சு. புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வருதுல்ல, ஸ்டாம்பு, ஜெராக்ஸ், தாலுகா ஆபீசுக்கு பஸ்ஸு எல்லாம் அதுலேருந்துதான்.

பதிலோட வந்த புல வரைபடத்த எடுத்துகிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துச்சு. நான் திரும்ப லீவுல வந்திருந்த சமயம். அவங்க தாத்தா எங்க தாத்தாவ ஆண்டேன்னு கூப்பிட்டவர், அப்பா எங்கப்பாவ ஐயாம்பார், இது வாசல்ல நின்னு "அண்ணே"ன்னுச்சு. அம்மாவுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. உள்ள வந்து உக்காரச் சொன்னேன், திண்ணையிலயே உக்காந்துகிச்சு.

வரைபடத்துல வண்டிப்பாதை சுத்தமா இருக்கு. ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டுலயும் சர்க்கார் புறம்போக்கு பாதைன்னு இருக்கு. ரோட்டுலேருந்து கிளம்பி வாய்க்காலத் தாண்டி சுடுகாடு வரைக்கும் மூணு மீட்டருக்குக் கொறையாத அகலம். தரையிலதான் இல்ல. வருஷா வருஷம் வரப்பை வெட்டி வெட்டி ஒரு சாண், ரெண்டு சாண்னு உள்ள தள்ளி இப்ப அந்த ஒரு அடி மிச்சம். சர்வே நம்பரப் பாத்தேன். எங்க பங்காளி வயல். அதுல மூணுல ஒரு பங்கு என் பேருக்கு வரவேண்டியது. அது தெரிஞ்சேதான் வந்துருக்கு, ஆனா யாரு வயல்னு ஒரு வார்த்தை சொல்லல, வெரலை மட்டும் கோட்டு மேல வச்சுது.

எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல 2015-ல ஒரு திருத்தம் வந்து 2016 ஜனவரி 26-லேருந்து அமல்ல இருக்கு, சுடுகாட்டுக்குப் போறத, அத மத்தவங்க மாதிரி பயன்படுத்துறத மறிச்சாலே குத்தம். அந்தச் சட்டம் இந்தப் புள்ளைக்கு மனப்பாடம். "ஏம்மா கேஸு குடுக்கல"ன்னு கேட்டேன். "குடுத்தா நாளைக்கு எங்கப்பாவுக்கு உங்க வயல்ல வேலை கிடையாதுல்லண்ணே"ன்னுச்சு. எனக்குப் பதில் வரல.

மாமா, படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்குன்னு கேட்டீங்கல்ல. நம்ம பக்கத்துல நிலமில்லாதவங்களுக்காகப் பாடுபட்ட ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியே இருக்காங்களே. ஜெகந்நாதன் 1930-ல காந்தி கூப்பிட்டார்னு காலேஜையே விட்டுட்டு வந்தவர், வசதியான வீட்டுப் புள்ள. கிருஷ்ணம்மாள் நிலமில்லாத தலித் வீட்டுல 1926-ல பொறந்து காலேஜ் வரைக்கும் படிச்சவங்க. ரெண்டு பேரும் சுதந்திரம் வந்தாத்தான் கல்யாணம்னு இருந்து 1950-ல பண்ணிகிட்டாங்க. 1968 டிசம்பர் 25 வெண்மணியில கூலி கேட்ட தலித் ஜனங்க 44 பேர் குடிசையோட எரிஞ்சு செத்தப்புறம் நம்ம தஞ்சை ஜில்லாவுக்கே வந்துட்டாங்க. 1981-ல லாஃப்டின்னு உழவனுக்கு நிலம் வாங்கித் தர்ற அமைப்பு ஆரம்பிச்சு, மிராசுதாருங்ககிட்ட உக்காந்து வெல பேசி, பேங்க் லோன் ஏற்பாடு பண்ணி, நிலத்தைப் பொம்பளைங்க பேர்லயே பதிஞ்சு குடுத்தாங்க. ஜெகந்நாதன் கடலோர எறால் பண்ணைய எதுத்து சுப்ரீம் கோர்ட்டு போய் 1996-ல தீர்ப்பும் வாங்குனார். அந்தம்மாவுக்கு 2020-ல பத்மபூஷண் அறிவிச்சப்ப, மாமா, நீங்கதான் இதே குழுவுல "நம்ம மண்ணுக்குப் பெருமை"ன்னு கைதட்டுற படம் போட்டீங்க, நான் மறக்கல.

அரசியல் வேணாம்னு சொன்ன அண்ணனுக்கு ஒண்ணு. தாலுகா ஆபீஸ்ல வருஷா வருஷம் நடக்குற ஜமாபந்தியில அந்தப் புள்ள மனு குடுத்து, ஆவணியில சர்வேயர் சங்கிலியோட வந்தே வந்துட்டார். வந்தவர் டீக்கடையில உக்காந்து டீ குடிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டார். ஏன்னா அன்னைக்குக் காலையில நம்ம குழுவுலேருந்தே மூணு பேர் வெளிநாட்டுலேருந்து ஊருக்குப் போன் போட்டிருக்கீங்க. யாரு யாருன்னு எனக்குத் தெரியும், இங்க எழுதல. ஊர்ல இருக்குறவன்கூட அன்னைக்குச் சும்மாதான் இருந்தான்.

சங்கத்துக்கிட்ட அந்தப் புள்ள காசு கேக்கல. அதோட மெயில எத்தனை பேர் முழுசாப் படிச்சீங்கன்னு தெரியல, கேட்டது ஒண்ணே ஒண்ணு, மாசியில மறுபடி அளக்க வர்றாங்க, அன்னைக்கு யாரும் போன் பண்ணாம இருங்க. அவ்வளவுதான்.

பெரியப்பாகிட்ட நேத்து முக்கா மணி நேரம் பேசினேன். எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான்னார், சிங்கப்பூர் காசு உன்ன இப்படிப் பேச வைக்குதுன்னார், என் கல்யாணத்துக்கு அவர் செஞ்சதையெல்லாம் சொல்லிக் காட்டினார், கடைசியா "அளந்துட்டு வேணா போகட்டும், எல்லைக் கல்லு ஊன விடமாட்டேன்"னு வச்சுட்டார். அளக்கவே விடமாட்டேன்னு சொல்வார்னு நினைச்சேன்.

மாசி பொறந்து ரெண்டாவது வாரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கேன். பங்குதாரன்ங்குற முறையில கையெழுத்துப் போட நான் அங்க நிப்பேன். ஆர்ச் நிதி மிச்சத்துல கிராவல் அடிக்கலாமா வேணாமான்னு கல்லு ஊனினப்புறம் பேசிக்கலாம், இப்ப அவசரமில்ல. பொருளாளர் அண்ணன், அந்தக் கணக்கு ஷீட்டை மட்டும் இன்னொரு தடவை அனுப்புங்க, போன தடவை அனுப்புனது என் போன்ல திறக்கவே மாட்டேங்குது.