மறு: ஆக்குபேஷனல் தெரபிக்குத் தமிழில் என்ன பெயர்? – ‘செயல்வழிச் சிகிச்சை’

அனைவருக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான உயர்கல்விக் கையேட்டில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பைப் பற்றி, அதாவது நோயாலோ குறைபாட்டாலோ தடுமாறுபவர்களை அன்றாடச் செயல்களைச் செய்ய வைத்தே தேற்றும் சிகிச்சையைப் பற்றி, இரண்டு பக்கம் எழுத வேண்டும், தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் தலைப்பிலேயே நின்றுவிட்டேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> ‘தொழில்வழிச் சிகிச்சை’ ஏற்கெனவே இருக்கிறதே. இலங்கையில் நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். புதிதாக ஏன்?

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொழில் என்றால் செயல் என்பது பழைய பொருள். உண்ணல், நடத்தல் போன்றவற்றைத் தொழிற்பெயர் என்கிறோம். அங்கே தொழிலுக்கும் சம்பளத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தப் பொருள் பேச்சிலும் உயிரோடு இருந்திருந்தால் நான் வேறு சொல் தேடியே இருக்கமாட்டேன்.

ஆனால் தமிழ்நாட்டில் இன்று தொழில் என்றால் பிழைப்பு, வியாபாரம், தொழிற்சாலை. பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் கோளாறைத் தொழில்சார் நோய் என்கிறோம். அப்படியிருக்க, தொழில்வழிச் சிகிச்சை என்றதும் ஒரு மாணவர் ஐ.டி.ஐ. பயிற்சி போல ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். நாலு வயதுப் பிள்ளைக்கு இது தேவை என்று சொன்னால் அந்தத் தாய் என்ன நினைப்பார்? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வேலை விளையாட்டு ஒன்றுதான். இத்துறையினர் அந்த விளையாட்டைத்தான் சிகிச்சையாக்குகிறார்கள்.

ஆங்கிலப் பெயரின் பிறப்பைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 1917-இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் இத்துறையின் முதல் சங்கம் கூடியது. கூட்டியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோய், பாத அறுவை, இடப்பக்க முடக்கம் எல்லாம் பட்டவர். தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்தே மீண்டவர். உத்தியோகம் என்ற பொருளில் அவர்கள் ஆக்குபேஷன் என்று சொல்லவில்லை. கையும் மனமும் ஒன்றில் ஈடுபட்டிருப்பதையே சொன்னார்கள். நாம் அந்தச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்து மொழிபெயர்த்துவிட்டோம்.

> சுருக்கமாக ஓ.டி. என்றே விட்டுவிடலாமே?

வேண்டாம். இது என் வீட்டில் நடந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பத்தாம் நாள், செவிலியர் ஒருவர் வந்து, “மதியம் ஐயாவை ஓ.டி.க்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றார். அம்மாவுக்கு ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர்தான். யாரிடமும் கேட்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் போய் விசாரித்துச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு நல்ல தமிழ்ப் பெயர் இருந்திருந்தால் அந்த அரை மணி நேர அழுகை மிச்சம்.

அந்த மதியம் பார்த்ததைச் சொல்கிறேன். பெயருக்கான விடை அதில்தான் கிடைத்தது. அந்த அறையில் இருந்தவை ஒரு மேசை, ஒரு அரைக்கைச் சட்டை, ஒரு தட்டு, ஒரு ஸ்பூன். சிகிச்சை அளித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். “அப்பா, சட்டை போடலாமா?” என்று கேட்டுவிட்டு, அவர் எப்படிப் போடுகிறார் என்று பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா வழக்கம்போல நல்ல கையை முதலில் நுழைத்தார். வராத கை வெளியே மாட்டிக்கொண்டது. அப்புறம் அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தார்: போடும்போது முடங்கிய கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. ஸ்பூன் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினார், விரல் முழுதும் மடங்காமலே பிடிக்க வரும் என்று. நாற்பது நிமிடத்தில் அப்பா தன் சட்டையைத் தானே போட்டார். பத்து நாளில் அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

சட்டை போடுவது என்ற ஒரு செயலை அந்தப் பெண் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் அப்பா தடுக்குகிறார் என்று கண்டுபிடித்தார். இதைச் ‘செயல் பகுப்பாய்வு’ என்று சொல்லலாம். இந்தப் படிப்பின் முதுகெலும்பே அதுதான் என்று நினைக்கிறேன். உடற்கூறியல், உடலியங்கியல், நரம்பியல், எலும்பியல், உளவியல், மனநல மருத்துவம் எல்லாம் படிக்கிறார்கள். எந்தத் தசை வேலை செய்யவில்லை, எந்த நினைவு தவறுகிறது, எங்கே பயம் குறுக்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் துண்டு பிரிக்க முடியும். சுமார் 70 டிகிரி வெந்நீரில் பிளாஸ்டிக் தகட்டை இளக்கி, நோயாளியின் கைமேல் வைத்து, ஆறுவதற்குள் அளவாக வளைத்து, கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் செய்யவும் பழக வேண்டும். கைத்திறன் வேண்டும், பொறுமை வேண்டும், பேசாமல் பார்த்திருக்கும் குணம் வேண்டும்.

கல்வி விவரங்கள் கையேட்டில் வருவதால் இங்கே சுருக்கமாக: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல். இளநிலைப் படிப்பு, ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியோடு (இன்டர்ன்ஷிப்) நாலரை ஆண்டு என்பது நெடுநாள் வழக்கம். மேலே முதுநிலை இரண்டு ஆண்டு. இத்துறையின் உலகக் கூட்டமைப்பு கேட்பது குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி. இந்தியாவில் இத்துறைக்கான முதல் பள்ளியை 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். நம் பக்கத்திலும் இதற்கு வேர் உண்டு. 1940-களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தசைநாண்களை இடம் மாற்றி வைத்தார். அதுவரை வேறு வேலை பார்த்த தசைக்குப் புது வேலை பழக்க வேண்டியிருந்தது. கத்தி வைத்ததோடு அது முடியவில்லை; கை மறுபடி ஒன்றைச் செய்து பழகிய பிறகுதான் முடிந்தது.

> ‘செயல்முறைச் சிகிச்சை’ என்று சில இடங்களில் பார்த்தேன். நன்றாகத்தானே இருக்கிறது?

கிட்டத்தட்ட சரி, தம்பி. ‘முறை’தான் இடிக்கிறது. செயல்முறைத் தேர்வு என்றால் பிராக்டிகல். செயல்முறை விளக்கம் என்றால் செய்து காட்டுவது. சிகிச்சையின் வழிமுறை என்று படித்துவிடவும் வாய்ப்பு உண்டு. போதாததற்கு, பிசியோதெரபி இங்கே ‘இயன்முறை’ என்று நிலைத்துவிட்டது. இரண்டு ‘முறை’யும் பக்கத்துப் பக்கத்து அறைப் பலகையில் இருந்தால் மக்கள் குழம்புவார்கள்.

அதனால் என் பரிந்துரை ‘செயல்வழிச் சிகிச்சை’. இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் வந்த ‘செயல்வழிக் கற்றல்’ பெற்றோர் வாயிலும் புழங்கியது. பிள்ளை ஒன்றைச் செய்து, அதன் வழியே கற்பது அது. ஒன்றைச் செய்து, அதன் வழியே தேறுவது இது. பொருள், அமைப்பு இரண்டும் ஒத்துவருகின்றன. நேற்று அம்மாவிடம் வேறெதுவும் சொல்லாமல் இந்தப் பெயரை மட்டும் சொல்லிப் பார்த்தேன். “சட்டை போட வச்சே அப்பாவைத் தேத்துனாங்களே, அதுவா?” என்றார்.

‘வினைவழிச் சிகிச்சை’ என்ற பெயரும் வேண்டாம், வினை என்றதும் ஊழ்வினையில் போய் நிற்கும். சிகிச்சைக்குப் பதில் ‘பண்டுவம்’ கேட்டவர்களுக்கு: எனக்கும் பிடித்த சொல். ஆனால் பயந்துபோய் மருத்துவமனையில் நிற்பவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு புதுச்சொல் கொடுக்க மனமில்லை. ஸ்ப்ளிண்டுக்கு மட்டும் எலும்பு வைத்தியர்களின் ‘சிம்பு’ இருக்கிறது. ‘கைச்சிம்பு’ என்று எழுதலாமா என்று சொல்லுங்கள்.

கையேட்டில் ‘செயல்வழிச் சிகிச்சை’ என்று தலைப்பிட்டு, முதல் வரியிலேயே தொழில்வழிச் சிகிச்சை, ஆக்குபேஷனல் தெரபி இரண்டு பெயரையும் சேர்த்துத் தருகிறேன். கல்லூரி விண்ணப்பத்தில் மாணவர் தேட வேண்டியது கடைசிப் பெயரைத்தானே. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை பக்கங்களை அனுப்ப வேண்டும்.

அன்புடன்.