ஒற்றைத் தலைவலி உள்ளவர் கருத்தடை மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: வியாசர்பாடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. இரண்டு பிள்ளைகள் போதும் என்று நானும் கணவரும் முடிவு செய்தபின், எதிர்வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, தெருமுனை மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கிச் சில மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். ஓர் அட்டையில் இருபத்தொரு வெள்ளை மாத்திரைகளும் ஏழு பழுப்பு நிற மாத்திரைகளும் இருக்கின்றன. முன்பெல்லாம் மாதவிலக்கின்போது இரத்தப்போக்கு மிக அதிகமாக இருக்கும். இப்போது வெகுவாகக் குறைந்து, உடம்பில் தெம்பு வந்திருப்பதால் நிறுத்த மனம் வரவில்லை. ஆனால் திருமணத்துக்கு முன்பிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வருவதற்குச் சற்று முன் கண்ணெதிரே வளைந்து நெளிந்த வெளிச்சக் கோடுகள் தோன்றி, பாதி எழுத்து மறைந்துவிடும். மாத்திரை தொடங்கியபின் இது அடிக்கடி வருகிறது. மாமியாரோ, இந்த மாத்திரையால் புற்றுநோய் வரும், கருப்பை கெட்டுவிடும் என்கிறார். இவற்றில் எதற்கு நான் அஞ்ச வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

சகோதரி, நீங்கள் அஞ்ச வேண்டியது மாமியார் சொன்னவற்றுக்கு அல்ல, அந்த வெளிச்சக் கோடுகளுக்குத்தான். தலைவலிக்கு முன் இப்படிப் பார்வைக் கோளாறு தோன்றும் வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் இயல்பிலேயே சற்றுக் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அதை மேலும் உயர்த்துகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை, வயது எதுவானாலும் இவர்களுக்கு இந்த மாத்திரையை "பயன்படுத்தவே கூடாது" என்ற நான்காம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே இன்றே நிறுத்திவிட்டு, இன்று முதலே ஆணுறை பயன்படுத்துங்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

இந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை அதிகமாகச் சுரக்கச் செய்வதால், கால் நாளங்களில் இரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குச் செல்லும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேருக்கு இது வருகிறது என்றால், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் கலந்த மாத்திரை சாப்பிடுவோரில் 5 முதல் 7 பேருக்கும், டிராஸ்பைரினோன் அல்லது டெசோஜெஸ்ட்ரல் என்ற வேறு புரோஜெஸ்டின்கள் கலந்தவற்றைச் சாப்பிடுவோரில் 9 முதல் 12 பேருக்கும் வருகிறது. முதல் ஆண்டில்தான் இந்த வாய்ப்பு மிகுதி. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இதைவிடவும் அதிகம் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். உடல்நலமுள்ள இளம்பெண்ணுக்கு இது நல்ல மருந்து என்றே இன்றும் சொல்வேன். ஆனால் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர்கள், முன்பே இரத்தக்கட்டி வந்தவர்கள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாத தாய்மார்கள் ஆகியோருக்கு இது ஆகாது. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

புற்றுநோய் பற்றி மாமியார் சொன்னதில் பாதி உண்மை உண்டு. மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. நிறுத்தியபின் படிப்படியாகக் குறைகிறது. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் சூலகம், கருப்பை உட்சுவர் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களின் வாய்ப்பு குறைகிறது; அந்தப் பாதுகாப்பு நிறுத்தியபின்னும் பல ஆண்டுகள் நீடிக்கும். கருப்பை கெட்டுவிடும் என்பது மட்டும் உண்மையே அல்ல. நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலோருக்குக் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடுகிறது.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதுவரை அறியாத கடுந்தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-ஐ அழையுங்கள், வியாசர்பாடியிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை தொலைவில் இல்லை.

பதில் 2: கொருக்குப்பேட்டை வாசகி

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுவோர் நம் பகுதியில் பலர் இருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தச் சிகிச்சையில் உள்ள ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிடாயின் ஆகியவையும் அப்படித்தான். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இப்படியொரு மருந்தையும் கருத்தடை மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எந்த மருந்து வாங்கும்போதும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பதில் 3: மருந்தாளுநர், திருவொற்றியூர்

கடையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அட்டையைக் கொடுப்பதற்கு முன் வயது, இரத்த அழுத்தம், தலைவலி, பிற மருந்துகள் ஆகிய நான்கையும் கேட்பது எங்கள் கடமை. கூட்டம் அதிகம் என்பது அதற்குச் சாக்காகாது. உங்கள் அட்டையில் உள்ள பழுப்பு மாத்திரைகள் இரும்புச்சத்து மட்டுமே. வெள்ளை மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது. இதே வகை மாத்திரை மாலா-என் என்ற பெயரில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. காசு மிச்சமாகும் என்பதைவிட, அங்கே இரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நிறுத்திவிட்டேன். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாமா? பழைய இரத்தப்போக்கு திரும்பிவிடுமோ என்றுதான் கவலையாக இருக்கிறது.

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

உங்கள் கவலை சரியானதே. காப்பர்-டியில் ஹார்மோன் இல்லாததால் தலைவலிக்குத் தடையில்லை. ஆனால் சிலருக்கு அது இரத்தப்போக்கைக் கூட்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனம் இரத்தப்போக்கைக் குறைக்கும், அதில் ஈஸ்ட்ரோஜனும் இல்லை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சாயா என்ற, ஈஸ்ட்ரோஜன் இல்லாத கருத்தடை மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிடுவது. சூலகத்தில் நீர்க்கட்டியோ அண்மையில் மஞ்சள் காமாலையோ இருந்தால் அது வேண்டாம். இனி குழந்தை வேண்டாம் என்பது உறுதியென்றால், உங்கள் கணவரின் கருத்தடை அறுவை சிகிச்சை பற்றியும் இருவரும் சேர்ந்தே பேசுங்கள். அது பெண்ணுக்குச் செய்வதைவிட எளிய சிகிச்சை. செல்லும்போது ஹீமோகுளோபின் சோதனை செய்யச் சொல்லுங்கள்; மாத்திரை அட்டையையும், வெளிச்சக் கோடுகள் தோன்றிய தேதிகளை ஒரு தாளில் எழுதியும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.